மியூட் போட்ட கல்யாணம்

வீடியோ எடிட் பண்ண எந்த சாப்ட்வேர் நல்லது அக்கான்னு இன்னொரு தபா எவனாவது இந்த குரூப்புல கேட்டீங்க, நான் மெய்யாலுமே குரூப்ப வுட்டு வெளிய பூடுவேன். ஒரு வாரமா பாத்துகினு கீறேன். ஒருத்தன் இது ஃப்ரீ தான் ஆனா ஓரத்துல கம்பெனி பேரு வுழுதுன்றான். ஒரு பொண்ணு எங்க ஊட்டு கம்ப்யூட்டர் பழசு, எது ஓடும்னு கேக்குது. எல்லாமே ஓடும்மா. எது ஓடுதோ அதப் போட்டு பழகு. வெட்டறது, ஒட்டறது, எழுத்து போடறது, பாட்டு போடறது, எதுல போனாலும் இந்த நாலு வேலை தான். நாலு நாள்ல கை வந்துடும். அதுக்கு நான் எதுக்கு?

கேக்க வேண்டியத ஒருத்தரும் கேக்கல, அதான் எனக்கு கோவம். போன வாரம் உங்கள்ல ஒருத்தர் மொத தபா எடிட் பண்ண கல்யாண வீடியோன்னு ஒண்ண போட்டீங்க. அரை மணி நேரம். முழுசா பாத்தேன். அதுல ஒரு மனுஷன் குரல் கெடையாது. எல்லாரும் தொட்டி மீனு மாதிரி வாயத் தொறந்து மூடறாங்க, பாட்டு தான் வருது. கீழ இருவது பேரு சூப்பர் சூப்பர்னு கையத் தட்டி வெச்சுகீறீங்க. நான் மட்டும் ஒண்ணும் போடல. திட்டிடுவேன்னு பயந்து கம்முனு இருந்தேன். இப்போ திட்டறேன், ஆனா உங்களத் திட்டறதுக்கு முன்னாடி என்னத் திட்டிக்கணும். ஏன்னா அந்த வேலைய எட்டு வருஷம் செஞ்சவ நான்.

புதுசா வந்தவங்களுக்கு என்னத் தெரியாது. நான் அம்பத்தூர் எஸ்டேட்ல எக்ஸ்போர்ட் கம்பெனில தையல் மிஷின்ல இருந்தவ. கம்பெனிய மூடிட்டான். ஊடு கோவில்பதாகைல. என் பொண்ணு காலேஜுக்குன்னு வாங்குன கம்ப்யூட்டர், அவ கல்யாணமாகி போனப்புறம் துணியப் போட்டு மூடி கெடந்துச்சு. அதுல ஒரு ஃப்ரீ சாப்ட்வேர ஏத்தி, எங்க தெருல நடந்த ஒரு காதுகுத்து வீடியோவ வெட்டிப் பழகுனேன். துணி வெட்டுன கை தானே, சீக்கிரம் வந்துச்சு. அப்பால ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டுடியோக்காரர் வேலை குடுத்தாரு. பேரு வேணாம், அவரு இன்னும் கடை வெச்சுகினு கீறாரு. ஷூட்டிங் அவங்க ஆளுங்க, எடிட்டிங் என் ஊட்ல.

மொத நாளே அவரு எனக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்தாரு. கிளிப்ப எல்லாம் டைம்லைன்ல, அதான் வரிசையா அடுக்கற பட்டைல, போடு, மொத வேலையா சவுண்ட மியூட் போடு, பாட்ட ஏத்து, அப்பால தான் வெட்ட ஆரம்பிக்கணும். ஏண்ணேன்னு கேட்டேன். மண்டபத்துல ஒரே எரைச்சல்மா, பார்ட்டிக்கு புடிக்காது, பாட்டு தான் கேப்பாங்கன்னாரு. சரின்னுட்டேன். இந்தப் பக்கம் பூந்தமல்லிலருந்து திருவள்ளூர் வரைக்கும் எந்த ஸ்டுடியோல போய் கேட்டாலும் இதே தான். நாதஸ்வரம் ஒரு நிமிஷம், கெட்டி மேளம் ஒரு நிமிஷம், மத்ததெல்லாம் சினிமா பாட்டு. நானும் வுடாம செஞ்சேன். ஒரு நாள் கூட இது தப்பாச்சேன்னு தோணல. அத நெனச்சா இப்பவும் என்னையே அறையணும் போல கீது.

இப்போ சொல்றது ஒரு பொண்ணோட கதை. பேரு கலைவாணி. ஊடு வேப்பம்பட்டு. வானகரத்துல ஒரு மண்டபத்துல கல்யாணம் நடந்துச்சு, வீடியோ நான் தான் எடிட் பண்ணேன். அப்போ அந்தப் பொண்ண நான் நேர்ல பாத்ததே இல்ல. ஸ்க்ரீன்ல தான் பாத்தேன். நம்ம தொழில் அப்டி தானே, மூஞ்சி மனப்பாடம் ஆயிடும், ஆளு யாருன்னு தெரியாது.

நாலு வருஷம் கழிச்சு ஒரு நாள் காலைல அந்தப் பொண்ணு என் ஊட்டு கேட்டுக்கு வெளிய நிக்குது. பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. தலைக்கு எண்ணெ இல்ல, கண்ணு வீங்கி கீது. ஸ்டுடியோல வெலாசம் கேட்டு வந்துகீது. உள்ள வாம்மான்னா வர மாட்டேன்னுது. எங்கப்பா தவறி ஆறு நாள் ஆவுது, தீட்டு ஊட்லருந்து வரேன், இங்கயே நின்னு பேசிட்டு பூட்றேன்னு சொல்லுச்சு. எனக்கு சுள்ளுனு கோவம் வந்துச்சு. வெயில்ல நிக்க வெச்சு பேசறதுக்கு நான் இன்னா அவ்ளோ பெரிய ஆளா? கையப் புடிச்சு இஸ்துகினு வந்து பேனுக்கு கீழ ஒக்கார வெச்சேன்.

வந்த விஷயத்த சொல்லுச்சு. அவங்கப்பா வெச்சுகினு இருந்தது பட்டன் போனு. வாட்ஸப்பு கெடையாது, வாய்ஸ் மெசேஜ் கெடையாது. போட்டோ கீது, கெடக்குது நெறைய. குரல் எங்கயும் இல்ல. கல்யாண வீடியோல இருக்கும்னு பென்டிரைவ டிவில சொருகி மொத்தமா பாத்துகீது. அப்பா வராரு, போறாரு, வாயத் தொறக்கறாரு. பாட்டு தான் கேக்குது.

"எனக்கு அவர் குரல் மறந்துபூடும்னு பயமா கீதுக்கா. பாட்டு போடறதுக்கு முன்னாடி எடுத்தது இருக்கும்ல, அதக் குடுங்க. பதினாறாம் நாள் காரியத்துக்குள்ள குடுத்தா போதும்" அப்டின்னு கேட்டுச்சு.

ஒரிஜினல் இல்ல. என் கம்ப்யூட்டர்ல எடம் கம்மி. அவுட்புட் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சுன்னா அந்த ஃபோல்டர அழிச்சுட்டு அடுத்த கல்யாணத்த ஏத்துவேன். எல்லாரும் செய்யறது தான், நீங்களும் அதான் செய்யறீங்க. ஆனா விஷயம் அது மட்டும் இல்ல. எனக்கு அவங்கப்பாவ ஞாபகம் கீது. ரொம்ப நல்லா ஞாபகம் கீது.

அவரு அம்பத்தூர்ல லேத் பட்டறைல வேலை பாத்தவரு. ஆயுசு பூரா மிஷின் சத்தத்துல நின்னவருக்கு மெதுவா பேசத் தெரியாது. மண்டபத்துல அந்த மூலைல நின்னுகினு இந்த மூலைல இருக்கற ஆளக் கூப்புடுவாரு. முக்கால்வாசி கிளிப்ப தொறந்தா இவரு கொரலு தான். நாதஸ்வரத்துக்கு மேல இவரு, ஐயரு மந்திரத்துக்கு மேல இவரு. மியூட் போடறதுக்கு முன்னாடி கிளிப்ப தொறந்து பாக்கும் போதே, யோவ் கொஞ்சம் வாய மூடுய்யான்னு ஸ்க்ரீனப் பாத்து நான் சத்தமா திட்டிகீறேன். மத்தவங்க குரல பழக்க தோஷத்துல மியூட் போட்டேன். இந்த மனுஷன் குரல மட்டும் எரிச்சல்ல, வேணும்னே, மொத ஆளா மியூட் போட்டேன். இது அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. நான் குடுத்த காப்பி டம்ளர ரெண்டு கையாலயும் புடிச்சுகினு என்னயே பாத்துகினு ஒக்காந்துனு கீது.

ஸ்டுடியோக்காரருக்கு போன் போட்டேன். அவரு, நாலு வருஷத்து புட்டேஜ எவன்மா வெச்சிருப்பான், கேமரா கார்ட அன்னிக்கே ஃபார்மேட் அடிச்சு அழிச்சாச்சு, பாட்டெல்லாம் நல்லா தானே போட்டுக் குடுத்தோம் அந்தப் பார்ட்டிக்குன்னாரு. பார்ட்டின்றாரு. அப்பன் செத்து அந்தப் பொண்ணு ஒக்காந்துனு கீது, பார்ட்டியாம். நான் போன்லயே வாய்க்கு வந்தபடி கேட்டுட்டேன். அவரு அமைதியா, அழிஞ்சத எடுக்கற சாப்ட்வேர் ஒண்ணு கீது, நெட்ல எறக்கிப் போட்டுப் பாருன்னு சொல்லி போன வெச்சுட்டாரு.

இங்க தான் நான் ஒரு முட்டாத்தனம் பண்ணேன், நல்லா கேட்டுக்கோங்க. அந்தப் பொண்ணு முன்னாடி எதையாவது செய்யணும்ன்ற பதட்டத்துல, அந்த சாப்ட்வேர அதே கம்ப்யூட்டர்லயே எறக்க ஆரம்பிச்சுட்டேன். பாதி எறங்குனப்புறம் தான் மண்டைல ஒறைச்சுது. அழிச்ச ஃபைலு இருந்த எடத்துல தானே இந்தப் புது ஃபைலு போய் ஒக்காரும்? தேடறேன் தேடறேன்னு தேடற பொருள் மேலயே நான் ஏறி நிக்கறேன். ஒயரப் புடுங்கி கம்ப்யூட்டர அணைச்சேன். நாலு வருஷமா அதுல எத்தினியோ கல்யாணத்த ஏத்தி எறக்கியாச்சு, அதுக்கு மேல அதுல ஒண்ணும் மிச்சம் இருந்திருக்காதுன்னு அப்பால ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக் சொன்னாரு. இருக்கட்டும். கை பரபரக்கும் போது கைய எடுத்துட்டு ஒக்காரணும். எனக்கு அது வயசு போயி தான் வந்துச்சு, உங்களுக்கு இப்பவே வரட்டும்.

அணைச்சுட்டு சும்மா ஒக்காந்தேன். அப்போ தான் வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. உங்க ஊட்டு பழைய கம்ப்யூட்டர்ல பெரிய வீடியோவ போட்டா திக்கித் திக்கி ஓடும்ல? அதுக்கு சாப்ட்வேரே ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்னதா, மங்கலா ஒரு நகல் எடுத்து வேற எடத்துல வெச்சுக்கும். எடிட் பண்ணும் போது அதத் தான் ஓட்டிக் காட்டும். நான் பழகற காலத்துல அது ஒரு கேள்வி கேட்டுச்சு, இங்கிலீஷ் புரியாம சரின்னு அமுக்கிட்டேன். வருஷக் கணக்கா அது எனக்குத் தெரியாம நகல் எடுத்துகினே இருந்துகீது. ரெண்டு வருஷம் முன்னாடி டிஸ்க் நெறஞ்சு போச்சுன்னு மெக்கானிக் வந்து பாத்தப்போ, இந்த ஃபோல்டர் தான் எடத்த திங்குது, அழிச்சுடவான்னு கேட்டாரு. இன்னா ஏதுன்னு தெரியாதத அழிக்க எனக்கு பயம். அழிக்காத, ஒரு பழைய வெளி டிஸ்க்ல தள்ளி வைன்னு சொல்லிட்டேன். அந்த டிஸ்க் பீரோல பொடவைக்கு அடில கெடந்துச்சு.

நாம டைம்லைன்ல மியூட் போட்டா அங்க மட்டும் தான் ஊமை. நகல்ல சத்தம் அப்டியே இருக்கும். இத நான் அன்னிக்கு தான் தெரிஞ்சுகினேன். இத்தினி வருஷம் அந்த சாப்ட்வேர்ல சோறு தின்னவ நான், அது இன்னா செய்யுதுன்னே எனக்குத் தெரியாம இருந்துகீது. வெக்கமா இல்லையான்னு கேளுங்க, வெக்கமா தான் கீது.

பக்கத்து ஊட்டு லேப்டாப்ப வாங்கி அந்த டிஸ்க சொருகினேன். பேரெல்லாம் வெறும் நம்பரு. பாதி ஃபைல் தொறக்கவே இல்ல. எந்தக் கல்யாணம் எதுல கீதுன்னு ஒண்ணொண்ணா ஓட்டிப் பாத்தோம். யாரு யாரோ ஊட்டு விசேஷம். எல்லாம் சத்தத்தோட. எட்டு வருஷத்துல மொத தபா அந்த ஊட்டுக்காரங்க பேசறத காது குடுத்துக் கேக்கறேன். ஒரு கெழவரு பேரனுக்கு பூணூல் போட்டுகினே சிரிக்கறாரு. ஒரு அம்மா சம்பந்தி கிட்ட சண்டை போடுது. இதெல்லாம் நான் பாட்டு போட்டு மூடுனது. பாக்கப் பாக்க எனக்கு என் மேல ஆத்திரம் ஏறிகினே போச்சு.

மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டி வானகரம் மண்டபம் வந்துச்சு. இந்தக் கல்யாணத்துல ஏழு கிளிப்பு தான் தொறந்துச்சு, எல்லாம் மேடைல எடுத்தது. மொத மூணுல நாதஸ்வரம் தான். நாலாவதுல ஒரு குரல் வந்துச்சு. "டேய், அந்தப் பேன இப்டி திருப்புடா, ஐயருக்கு வேர்க்குது பாரு." நான் கலைவாணியப் பாக்கல, ஸ்க்ரீனயே பாத்துகினு இருந்தேன்.

அஞ்சாவது கிளிப்பு. அந்த ஷாட்ட பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பொண்ணு ஹோமத்துக்கு முன்னாடி தல குனிஞ்சு ஒக்காந்துனு கீது, சட்டுனு நிமுந்து ஓரக் கண்ணால ஒரு பார்வை பாக்குது. நான் அத ஸ்லோ மோஷன்ல போட்டு, அடுத்து மாப்ள மூஞ்சிய ஒட்டி, ஒரு காதல் பாட்ட வுட்டிருந்தேன். மொத்த வீடியோலயே அந்த எடம் தான் டாப்புன்னு ஸ்டுடியோக்காரர் சொன்னாரு. வேற ரெண்டு பார்ட்டிக்கு சாம்பிள்னு கூட போட்டுக் காட்டுனாரு.

இப்போ சத்தத்தோட ஓடுது. மேடைக்குக் கீழருந்து அவரு மண்டபமே கேக்கறா மாதிரி கத்தறாரு.

"கலை, எதுனா சாப்ட்டியாம்மா?"

அதுக்குத் தான் அந்தப் பொண்ணு நிமுந்து பாக்குது. மாப்ளய இல்ல. அவங்கப்பாவ. கூச்சத்துல, கம்முனு இருங்கப்பான்னு மொறைக்குது. அந்த மொறைப்பத் தான் நான் வெக்கமாக்கி, காதலாக்கி, பாட்டு போட்டு வித்துகீறேன்.

திரும்ப போடுங்கன்னுது. போட்டேன். நாலு தபா போட்டேன். அப்பால தான் நான் வாயத் தொறந்து உண்மைய சொன்னேன். உங்கப்பா குரல எரிச்சல்ல தான்மா மியூட் போட்டேன், ரொம்ப கத்தறாருன்னு திட்டிகினே போட்டேன்னு சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாம். அந்தப் பொண்ண ஏமாத்தி நல்ல பேரு வாங்கிகினு அனுப்ப எனக்கு மனசு வரல.

நல்லா கோவம் அதுக்கு, மூஞ்சில தெரிஞ்சுது. திட்டும்னு தான் நெனச்சேன்.

"நானும் அன்னிக்கு பதில் சொல்லலக்கா" அப்டின்னு சொல்லி எழுந்து மூஞ்சி கழுவப் போச்சு.

ஏழு கிளிப்பையும் வரிசையா ஒட்டிக் குடுத்தேன். படம் மங்கல் தான். நல்ல வீடியோலருந்து படத்த எடுத்து இந்த சத்தத்த அதுல ஏத்தித் தரவான்னு கேட்டேன். வேணாம், நீங்க எதையும் தொடாதீங்கன்னுது. அது சரி தான். பாட்டு இல்ல, டைட்டில் இல்ல, எஃபெக்ட் இல்ல. எட்டு வருஷத்துல நான் செஞ்ச ஒரே ஒழுங்கான எடிட்டு அது.

பசங்களா, பொண்ணுங்களா, இவ்ளோ தான் நான் உங்களுக்கு சொல்லிக் குடுக்கறது. பாட்டு போடு, வேணாம்னு சொல்லல, ஜனங்க கேக்கறாங்க. ஆனா மியூட்ட அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா முழுசா கேளு. காதுல மாட்டிகினு கேளு. பேசறது யாரு, யாரப் பாத்து பேசறாங்கன்னு கேளு. அந்த சத்தத்த தனியா எடுத்து ஒரு எடத்துல வை, அதுக்கு ஒண்ணும் பெரிய எடம் புடிக்காது. பார்ட்டிக்கு புடிக்காதுன்னு எவனாவது சொன்னா என் நம்பரக் குடு. அந்த ஊட்ல யாரு குரல் நாளைக்கு தேவைப்படும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாதத அழிக்க நமக்கு இன்னா உரிமை?

பதினாறாம் நாள் காரியத்துக்கு கலைவாணி கூப்புட்டுச்சு. ஆவடில ட்ரெயின் ஏறி வேப்பம்பட்டு போனேன். சொந்தக்காரங்க சாப்ட்டு கெளம்புனப்புறம் ஊட்டு ஆளுங்க மட்டும் ஒரு ஏழெட்டு பேரு கூடத்துல ஒக்காந்தாங்க. டிவில பென்டிரைவ சொருகுனது நான் தான். கலைவாணியோட அம்மா ஊட்டுக்குப் பின்னாடி பாத்திரம் தேச்சுகினு இருந்தாங்க. இந்த மாதிரி ஒண்ணு கெடைச்சுகீதுன்னு யாரும் அவங்க கிட்ட சொல்லல. மொதல்ல நாம பாத்துடுவோம், அப்பால அம்மாவ பக்குவமா கூப்புடலாம்னு கலைவாணி சொல்லிகீது. நாதஸ்வரம் ஓடுச்சு. பேன திருப்பச் சொன்னாரு, யாரோ லேசா சிரிச்சாங்க. அப்பால அந்த எடம் வந்துச்சு. டிவி சத்தம் அதிகமா வெச்சுட்டேன் போல, ஊடு பூரா கேட்டுச்சு.

"கலை, எதுனா சாப்ட்டியாம்மா?"

பின்னாடிலருந்து, கைவேலய நிறுத்தாம, அந்த அம்மா அதே சத்தத்துல பதில் சொன்னாங்க.

"அவ பால் குடிச்சா. நீ மொதல்ல ஒரு எடத்துல ஒக்காரு."

பாத்திரம் தேய்க்கற சத்தம் நின்னு போச்சு. ரிமோட்டு என் கைல. நிறுத்திடவான்னு கலைவாணிய கண்ணால கேட்டேன். வேணாம்னு தலைய ஆட்டுச்சு. நான் ரிமோட்ட கீழ வெச்சுட்டேன். டிவில அவரு ஐயரு பக்கம் திரும்பி, நீங்க சாப்ட்டீங்களா சாமின்னு கத்திகினு இருந்தாரு.